பாட்டா எழுதிய புறவாசல் படி

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட அன்று, பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் அடுக்களைக் கூரைமேல் ஒரு அயனி மரம் சாய்ந்தது. வீடு அப்போது ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்து நாகர்கோவிலில் இருந்து போய்ப் பார்த்தேன். ஓடுகள் நொறுங்கி, கூரையைத் தாங்கும் கழுக்கோல் இரண்டு முறிந்து, மழை நேராக அரங்குக்குள், அதாவது சாமான் வைக்கும் உள்ளறைக்குள், இறங்கியிருந்தது. நெல் போடும் பத்தாயத்தின் மேல் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பாட்டாவின் நோட்டுப் புத்தகங்கள். மேலே இருந்த இரண்டு நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கீழே இருந்த ஒன்பதும் தப்பித்திருந்தன.

பாட்டா என் அப்பாவின் அப்பா. திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூட வாத்தியார். கும்மிப் பாட்டு, வில்லுப்பாட்டு, பள்ளிப் பிள்ளைகள் நடிக்கச் சின்னச் சின்ன நாடகம், மலையாளத்தில் இருந்து கொஞ்சம் மொழிபெயர்ப்பு என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர். அச்சில் வந்தவை இரண்டே இரண்டு சிறு நூல்கள். வெளியூரில் யாருக்கும் அவரைத் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் அவர் எழுதிய வில்லுப்பாட்டை ரொம்ப காலம் பாடியிருக்கிறார்கள். 1961-ல் இறந்தார்.

நான் தபால் துறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றேன். அந்த வீட்டைப் பாட்டாவின் நினைவு இல்லமாக ஆக்கியது அதற்குப் பிறகு. அதில் நான் செய்த தவறுகளையும், கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இப்படி ஒரு வீடும் ஒரு தகரப் பெட்டியும் எத்தனையோ குடும்பங்களில் இருக்கும். அவர்களுக்கு உதவும் என்றுதான்.

முதலில் பத்திரம். வீட்டுக்கு ஏழு வாரிசுகள். இடித்துவிட்டு மனையைப் பிரிக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, அவர்களுக்குத் தேவை இருந்தது. எங்கள் நாஞ்சில் நாட்டில் சொத்துப் பங்கு சாதாரண விஷயமும் இல்லை. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி முறையில் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஒரு மான்மியமாகவே எழுதி வைத்திருக்கிறார். எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, இரண்டு பேருக்குப் பணமாகக் கொடுத்து, மீதிப் பேரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிப் பதிவு செய்தோம். எட்டு மாதம் ஆனது. அதற்கு முன் கூரை ஓடு ஒன்றைக்கூட மாற்ற வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர் ஒரு வக்கீல் தம்பி. அது எவ்வளவு நல்ல யோசனை என்று பிறகு வேறு இரண்டு குடும்பங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். செலவு செய்து வீட்டைச் சரியாக்கிய பிறகு வழக்கு வந்தால் வீடு திரும்பவும் பூட்டப்படும். பூட்டிய வீடு எங்கள் ஊர் மழையில் அதிக நாள் நிற்காது.

இனி என் பெரிய தவறு. நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

பட்டாசலின், அதாவது கூடத்தின், வடக்குச் சுவரில், ஆள் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், பென்சில் கிறுக்கல்கள் இருந்தன. பால் கணக்கு, வண்ணான் கணக்கு, எல்லாம் சக்கரத்தில். திருவிதாங்கூரில் 28 சக்கரம் ஒரு ரூபாய். சின்ன வயதில் அந்தச் சுவரைப் பார்த்து நான் எண் படித்திருக்கிறேன். ஆனால் வீட்டைப் புதுப்பிக்கும் உற்சாகத்தில் அது அழுக்குச் சுவராகத்தான் கண்ணில் பட்டது. பெயின்டரிடம், "எல்லாச் சுவரும் பளிச்சென்று இருக்கணும்" என்று சொன்னதே நான்தான். சுரண்டித் தேய்த்து, பட்டி பார்த்து, மேலே டிஸ்டம்பர் அடித்து இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை, சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

ஒரு வாரம் கழித்து அத்தை வந்தாள். பாட்டாவின் கடைசி மகள். அப்போது அவளுக்கு 86 வயது. கண் மங்கல், ஆனால் நினைவு கத்தி மாதிரி. பட்டாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். வடக்குச் சுவரைக் கையால் தடவினாள்.

"எங்க மக்கா அப்பா எழுதுனது?"

"கணக்குதானே அத்தே..."

"கணக்குக்கு நடுவிலதாம்மா பாட்டு இருந்தது. ராத்திரி படுத்துக் கிடக்கும்போ ஏதாவது வரி தோணுனா எழும்பி விளக்கு ஏத்தமாட்டாரு. சுவத்துல எழுதிப் போட்டுட்டு உறங்கிருவாரு. வெடியக்காலம் பாத்து நோட்டுல ஏத்துவாரு."

எனக்குப் பேச்சே வரவில்லை. ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்காமல் அழித்திருக்கிறேன். கையில் போன் இருந்தது. பத்து நிமிஷ வேலை.

அதனால் வீட்டில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஒவ்வொரு அறையையும் நான்கு சுவர், தரை, கூரை என்று படம் எடுங்கள். அலமாரிக்குள், கதவுக்குப் பின்னால், படியின் அடியில்கூட. எந்தச் சாமான் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். இன்னொன்று, அந்த வீட்டில் வாழ்ந்த வயதானவர்களை முதலில் கூட்டிவந்து ஒவ்வொரு அறையாக நடக்க வைத்துப் பேசச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். கேள்வி நிறையக் கேட்கத் தேவையில்லை. ஒரு கதவைத் தொட்டால் அவர்களுக்கே பேச்சு வரும். நான் கூரையை முதலில் பார்த்தேன், சுவரை அடுத்துப் பார்த்தேன், மனுஷியைக் கடைசியில் கூப்பிட்டேன். வரிசை நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

அன்றைக்கே அத்தை இன்னொன்றும் சொன்னாள். பாட்டா ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சாய்வு மேசை செய்து கொடுத்திருந்தார்கள். பலா மரம், அழகான வேலை. அதைப் பட்டாசலின் நடுவில் போட்டு, மேலே மைக்கூடும் மூக்குக்கண்ணாடியும் ஒரு நோட்டும் வைத்து, 'இங்கே அமர்ந்து எழுதினார்' என்று ஒரு பலகையும் எழுதி வைத்திருந்தேன்.

"இதுலயா? ஒரு நாளும் இதுல எழுதுனதில்ல பிள்ளே. இது வெத்தலைச் செல்லம் வைக்கதுக்கு. இங்க வா."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அடுக்களை தாண்டிப் புறவாசலுக்குப் போனாள். அங்கே மூன்று கல்படிகள். புறவாசல் கிழக்குப் பார்த்தது. வெயில் வீட்டிலேயே முதலில் விழும் இடம் அதுதான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் கடைசிப் படியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து எழுதுவாராம். பக்கத்தில் பாட்டி மாடு கறப்பாள். நிலைக்கதவின் வலது பக்க மரத்தில், தரையில் இருந்து ஒன்றரை முழ உயரத்தில், அத்தை விரல் வைத்தாள். குனிந்து பார்த்தேன். கடுகு அளவுப் புள்ளிகள். பத்து, இருபது அல்ல, நூற்றுக்கணக்கில். சில கறுப்பு, சில துருப்பிடித்த மாதிரிப் பழுப்பு. தொட்டெழுதும் பேனாவில் மை அதிகமாக ஏறிவிட்டால் ஒரு உதறு உதறுவாராம். முப்பது வருஷத்து உதறல்கள் அந்த மரத்தில் இருந்தன. பெயின்டருக்கு நான் மரத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், வார்னிஷ் அடிக்கக் காசு பற்றாததால். அந்தக் காசுத் தட்டுப்பாடு அந்த நிலையைக் காப்பாற்றியது.

மேசை இப்போது ஒரு ஓரமாக இருக்கிறது. பலகையில் இருப்பது: 'மாணவர்கள் கொடுத்தது. இதில் வெற்றிலைச் செல்லம் வைத்திருந்தார்.' வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் எங்கே எழுதினார் என்று கேட்கிறார்கள். புறவாசலுக்குக் கூட்டிப் போகிறேன்.

இந்தப் பாடத்துக்குப் பிறகு வேலையை நிறுத்திவிட்டு, ஒரு ஆறு மாதம் மற்ற எழுத்தாளர்களின் வீடுகளைப் பார்க்கப் போனேன். தேரூருக்கும் புத்தேரிக்கும் போவது எங்களுக்குப் பக்கம். கவிமணி 1876-ல் பிறந்தது தேரூர், பிற்காலத்தில் வாழ்ந்தது புத்தேரி. பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதிய அதே மனிதர் கல்வெட்டுகளைப் படித்து ஆராய்ச்சியும் செய்தார். தேரூர்க் குளத்துக் கரையில் நின்றால், ஒருவரின் வீட்டைப் பார்ப்பது என்பது நான்கு சுவரோடு முடிவதில்லை என்று புரியும். குளமும் வயலும் கொக்கும் சேர்ந்ததுதான் அது. சுசீந்திரம் தேரூர்ச் சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் வீட்டைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை, ஒரு கால்வாய் ஓடுகிறது. ஆனால் பாட்டாவின் பாட்டில் அந்தக் கால்வாய் வருகிறது. அதனால் இப்போது வருகிறவர்களை முதலில் கால்வாய்க் கரைக்குத்தான் அழைத்துப் போகிறேன்.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு ஒரு இடம், மணிமண்டபம் வேறு இடம். மண்டபம் 1947-ல் திறந்தது. கூட்டம், விழா, பேச்சு எல்லாம் மண்டபத்துக்கு. வீடு வீடாக இருக்கலாம். திருவனந்தபுரம் தாண்டித் தோன்னக்கல்லில் மலையாளக் கவி குமாரன் ஆசானின் வீடு இருக்கிறது. ஆசான் 1924 ஜனவரி 16 அன்று பல்லனையில் படகு கவிழ்ந்து இறந்தார். அங்கேயும் அந்தச் சின்ன வீட்டைச் சின்ன வீடாகவே விட்டு, மற்றதை வளாகத்தில் வேறு கட்டடங்களில் வைத்திருக்கிறார்கள். நான் அதற்கு முன் எங்கள் வீட்டுக்குள்ளேயே நாற்பது நாற்காலி போட்டு, மைக் செட் வைத்து, மாதம் ஒரு கூட்டம் நடத்தலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். அதைக் கைவிட்டேன். ஊர் நூலகத்தில் கூட்டம் நடக்கிறது. வீட்டுக்குள் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் விடுவதில்லை.

இன்னொரு விஷயம். பாரதி கடைசியாக வாழ்ந்த திருவல்லிக்கேணி வீட்டை அரசு வாங்கியது 1993-ல், அவர் இறந்து 72 வருஷம் கழித்து. பாரதிக்கே அவ்வளவு நாள் என்றால், எங்கள் பாட்டா மாதிரி ஊருக்குள் எழுதியவர்களின் வீட்டுக்கு யாராவது வருவார்கள் என்று காத்திருப்பதில் பொருளில்லை. குடும்பமும் ஊரும்தான் செய்ய வேண்டும்.

கட்டட வேலையில் எனக்குக் குரு பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலைக்குப் பக்கத்தில்தான், திங்கட்கிழமை தவிர எந்த நாளும் போகலாம். எங்கள் ஆசாரியையும் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை போனேன். மரமும் ஓடும் சுண்ணாம்பும் இத்தனை நூற்றாண்டு எப்படி நிற்கின்றன என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று. கூரை விளிம்பான இறவாரம் எவ்வளவு தூரம் வெளியே நீட்டியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஆசாரி கையால் அளந்து பார்த்தார். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவத்தில், அதாவது வைகாசியில் தொடங்கி ஆனி ஆடிச் சாரல், பிறகு ஐப்பசி கார்த்திகை மழை. சுவர் காய்வதற்குக் கிடைக்கும் மாதங்கள் குறைவு.

அங்கிருந்து வந்ததும் கொத்தனார் ஒரு காரியம் சொன்னார். முந்தைய தலைமுறையில் யாரோ தெற்குச் சுவரின் அடிப்பாகத்தில் சிமென்ட் பூசியிருந்தார்கள். அதற்கு மேலே இருந்த சுண்ணாம்புப் பூச்சு மட்டும் வருஷா வருஷம் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் அதை மேல்பூச்சின் குறை என்று நினைத்திருந்தோம். உண்மையில் மண்ணில் இருந்து சுவரில் ஏறும் ஈரம் சிமென்ட் வழியாக வெளியே வர முடியாமல் மேலே ஏறி, சுண்ணாம்பு தொடங்கும் இடத்தில் வெளிவருகிறது. வரும்போது உப்பையும் கொண்டுவருகிறது. சிமென்டைப் பெயர்த்து எடுத்தோம். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினோம். இந்த வேலை தெரிந்த கொத்தனார் இப்போது அபூர்வம். எங்களுக்குக் கிடைத்தவருக்கு எழுபது வயது. அவரோடு இரண்டு இளைஞர்களைப் போட்டுக் கற்றுக்கொள்ளச் சொன்னேன், அவர்களுக்கும் கூலி கொடுத்தேன். அந்தக் கூலிதான் இந்த வேலையிலேயே நான் செய்த நல்ல செலவு என்று நினைக்கிறேன். பட்டாசலில் அடித்த டிஸ்டம்பரையும் பிறகு எடுத்துவிட்டோம். பென்சில் எழுத்து திரும்பக் கிடைக்கவில்லை.

கூரைக்குப் பழைய ஓடுகளையே தேடினோம். புது ஓடும் பழைய ஓடும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படியாது, இடைவெளியில் மழை இறங்கும். இடிக்கிற வீடுகளில் சொல்லிவைத்தால் கிடைக்கும். முறிந்த கழுக்கோலுக்கு விழுந்த அயனி மரத்தையே அறுத்துக் காயவைத்துப் போட்டார் ஆசாரி. மரத்துக்குக் கொல்லாங்கொட்டை எண்ணெய் பூசினோம். அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரித் தொழிற்சாலைகளில், கொட்டையின் ஓட்டில் இருந்து எடுப்பது. கறையானுக்கு, எங்கள் பேச்சில் செதலுக்கு, அதைப் பிடிக்காது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும், உறை போட்டுத்தான் தொட வேண்டும். புறவாசல் நிலையில் மட்டும் எதுவும் பூசவில்லை. காய்ந்த துணியால் தூசி தட்டுவதோடு சரி.

வயரிங்கையும் மொத்தமாக மாற்றினோம். ஓட்டு வீடு, மரத் தட்டு, காகிதம். ஒரு தீப்பொறி போதும்.

இனிக் காகிதம். தபால் துறையில் இருந்த எனக்குக் காகிதம் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. ஓரம் கிழிந்த பத்துத் தாள்களைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து ஒரு கடையில் லேமினேஷன் செய்துவிட்டேன். இரண்டு மழைக்காலத்தில் உள்ளே பழுப்புப் புள்ளிகள் வந்தன. தாளில் இருந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பூஞ்சணம் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் கூடவே வரும். தயவுசெய்து யாரும் பழைய கையெழுத்தை லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப்பும் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். கிழிந்த தாளைச் சரிசெய்ய மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும்; தேவைப்பட்டால் தண்ணீர் காட்டிப் பிறகு பிரித்துவிடலாம். பிரிக்க முடியாத எதையும் மூலப் பிரதியில் செய்யக்கூடாது என்பதுதான் இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி.

நனைந்து ஒட்டிய இரண்டு நோட்டுகளை நான் வெயிலில் காயவைக்கப் போனேன். நல்லவேளை, தெரிந்த ஒரு நூலகர் தடுத்தார். நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல், நடுவில் உறிஞ்சுதாள் வைத்து, அதை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒட்டிய பக்கத்தை இழுக்கவே இல்லை. தானாக விட்டது மட்டும் பிரிந்தது. இரண்டு நோட்டிலுமாக முப்பது பக்கம் போல் இன்னும் பிரியவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன். இன்றைக்கு முடியாதது பிறகு ஒருநாள் யாருக்காவது முடியலாம்.

அன்றாடப் பராமரிப்பு எளிது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள் வைத்தேன். ஆடி மாதம் 80-க்கு மேல் காட்டியது. அலமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, கால்களை உயர்த்தி, காற்றுக்குப் பின்பக்கம் ஓட்டை விட்ட பிறகு குறைந்தது. சிலிக்கா ஜெல் பையும் வைக்கிறேன், மாதம் ஒருமுறை சூடாக்கித் திரும்ப வைக்க வேண்டும். வசம்பு, மிளகு, கிராம்பு இடித்துத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடுகிறேன். நம் ஆட்கள் ஏட்டுக்குச் செய்துவந்ததுதான். ஆனால் பக்கங்களுக்கு நடுவில் வேப்பிலையோ பூவோ வைக்காதீர்கள், கறை படியும். வில்லுப்பாட்டு ஏடு ஒரு கட்டு இருந்தது. அதற்குப் புல்தைலம் மெல்லத் தடவினோம். ஏடு வளையும் அளவு உயிர் பெற்றது.

பாட்டாவின் ஒரே புகைப்படத்தை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தேன். இரண்டு வருஷத்தில் முகம் வெளிறிவிட்டது. இப்போது சுவரில் இருப்பது நகல். மூலம் இருட்டில், பெட்டிக்குள். நோட்டுகளுக்கும் அதே ஏற்பாடுதான். எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று திருவனந்தபுரத்தில் தம்பி வீட்டில். ஒரே ஊரில் எல்லாப் பிரதியும் இருந்தால் அடுத்த புயலில் எல்லாம் சேர்ந்து போகும்.

படம் எடுக்கும்போதுதான் தேதிக் குழப்பம் வந்தது. பாட்டா எல்லாவற்றுக்கும் மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கிறார். ஒரு நோட்டில் '1112 ஐப்பசி 27' என்று மட்டும் தலைப்பு. கீழே ஒரு கும்மிப் பாட்டு. அதில் சுசீந்திரம் கோயில் வாசல் வருகிறது, எல்லோரும் உள்ளே போவது வருகிறது. திருவிழாப் பாட்டு என்று நினைத்துக் குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். பிறகு ஒரு வரலாற்று ஆசிரியை பார்த்துவிட்டு, "அக்கா, ஆண்டோடு 824 கூட்டிப் பாருங்க" என்றார். 1936. ஐப்பசி 27 என்றால் நவம்பர் 12. எல்லா இந்துக்களும் சாதி பாராமல் கோயிலுக்குள் போகலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட நாள். 1926-ல் சத்தியாக்கிரகம் நடந்த அதே சுசீந்திரம். பாட்டா செய்தி கேட்ட அன்றே படியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எழுத்து அங்கங்கே ஓடியிருக்கிறது, அடித்தல் திருத்தல் இல்லை. நான் அதைத் திருவிழாப் பாட்டு என்று எழுதி ஒரு வருஷம் வைத்திருந்தேன்.

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியில் இருந்து ஆடி முடிய 825. ஊரில் கிழவர்கள் '99 வெள்ளம்' என்று சொல்வது 1099 கடைசி, அதாவது 1924 ஜூலை. இந்தக் கணக்கை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முந்தைய குடும்பக் காகிதம் யார் வீட்டில் இருந்தாலும் பாதி மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லத்தில் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புப் பலகையில் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். அத்தை சொன்னது என்றால் 'மகள் சொன்னது' என்றே எழுதுகிறேன்.

பதிப்புரிமை பற்றியும் பலர் கேட்கிறார்கள். எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருஷம் வரை உரிமை வாரிசுகளுக்கு. பாட்டா உயிரோடிருந்தபோது வெளிவந்த இரண்டு நூல்களுக்கும் 2021-ஓடு அது முடிந்தது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அச்சிடட்டும். அவர் இறந்த பிறகு முதன்முதலில் அச்சாகும் கையெழுத்துப் பிரதிக்குக் கணக்கு வேறு, வெளியான ஆண்டில் இருந்து எண்ண வேண்டும். நோட்டுகளில் இருப்பதைப் பதிப்பிக்கும் முன் ஏழு பேரிடமும் இதற்கும் ஒரு சம்மதம் வாங்கினேன்.

வீடு ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கிறது. மற்ற நாட்களிலும் காலையில் ஒருமுறை எல்லா ஜன்னலையும் திறந்து, பெருக்கி, அடுக்களையில் ஒரு மணி நேரம் அடுப்பு எரிகிறது. பக்கத்து வீட்டு மதினிக்கு அதற்கு மாதச் சம்பளம் கொடுக்கிறேன். அடுப்புப் புகை ஓட்டுக்கு அடியில் சுற்றினால் பூச்சி அண்டாது என்று அத்தை சொன்னாள். காகிதம் இருக்கும் அறைக்குப் புகை போகாமல் கதவை மூடிவிடுகிறோம். ஆட்கள் நடமாடுகிற வாசனை இருந்தால்தான் வருகிறவர்களுக்கும் அது ஒருவர் வாழ்ந்த இடமாகத் தோன்றுகிறது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அரை நிமிஷம் நிற்கிற பிள்ளைகள், அடுக்களையில் அம்மியைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு 'தொடாதே' என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்தது. இப்போது ஒரு நோட்டின் நகலை அதே அளவில், அதே மாதிரி நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். தொட்டெழுதும் பேனாவும் மையும் ஒரு பலகையும் உண்டு. புறவாசல் படியில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்து எழுதிப் பார்க்கலாம். ஆளுக்கு ஐந்து நிமிஷம். போன ஆவணியில் அரசுப் பள்ளியில் இருந்து வந்த ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை பேனாவில் மை அதிகமாகி, யாரும் சொல்லாமலே ஒரு உதறு உதறினாள். நான் பதறிப்போய் நிலைக்கதவைப் பார்த்தேன். நல்லவேளை, முற்றத்துப் பக்கம்தான் தெறித்தது. அந்த வாரமே நிலைக்கு முன்னால், மரத்தைத் தொடாமல், ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தேன். பிள்ளைகளை உதற வேண்டாம் என்று சொல்லவில்லை.

அத்தை 2021-ல் போய்ச் சேர்ந்தாள். அவள் குரல் பதினான்கு மணி நேரம் என்னிடம் இருக்கிறது. அதில் ஒன்பது மணி நேரத்தைக் கேட்டு எழுதி முடித்திருக்கிறேன். அவள் முணுமுணுத்த வில்லுப்பாட்டு வரிகள் மூன்று, எந்த நோட்டிலும் இல்லாதவை. சுவரில் இருந்து நோட்டுக்கு ஏறாமல் நின்றவையாக இருக்கலாம். தனித்தாளில் எழுதி, 'மகள் சொன்னது' என்று போட்டு, ஏட்டுக் கட்டோடு வைத்திருக்கிறேன்.

இந்த வைகாசிக்குள் புறவாசல் இறவாரத்தில் ஓடு மாற்ற வேண்டும். படிமேல் சாரல் அடிக்கிறது, நிலையும் நனைகிறது. தெரிசனங்கோப்பில் ஒரு வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசாரியை அனுப்பினேன். நூற்றிருபது பழைய ஓடு கிடைத்திருக்கிறது. நாளைக்கு வண்டியில் வரும்.